முகம் பார்க்கிற தூரம்

சென்னை
20 ஜனவரி 2025

அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைத் தையல் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் கீழ்வீட்டில் மாமா வாங்கிப் பிரித்துவிடுவார். ஃபோனில் பேசலாம் என்றால், நான் ஹலோ சொல்வதற்குள் "ஸ்பீக்கர்ல போடு ரஹமத்" என்று அவர் குரல்தான் முதலில் கேட்கிறது. உங்கள் அண்ணன் நடுவில் இல்லாமல் உங்களோடு பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜோதி அக்கா துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது மெஷினைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

நேற்று வீட்டில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கடைசி வரி வரைக்கும் அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மாமா செய்ததை நீங்களும் பார்த்தீர்கள்தானே? நியூசிலாந்தில் ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். என்ன வேலை, எங்கே தங்குவாய், குளிர் தாங்குமா, ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபோனை எடுத்து, ஊருக்கு ஊர் தூரம் சொல்கிற ஏதோ ஒரு பக்கத்தில் திருவண்ணாமலை, ஆக்லாந்து என்று தட்டினார். "பதினோராயிரம் கிலோமீட்டர். ப்ளேன்ல பதினாலு மணி நேரம். ரொம்ப ஜாஸ்திம்மா. துபாய்னா நாலு மணி நேரம், சரின்னுவேன். இது வேணாம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

நம் ஊரில் விமானம் எங்கே ஏறுகிறதாம்? வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலிலா? அந்தப் பக்கம் வரைபடத்தில் நேராக ஒரு கோடு இழுத்து, வேகத்தால் வகுத்து, வந்த எண்ணை எழுதிவிடுகிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து நிலாவுக்குக் கேட்டாலும் கூச்சப்படாமல் சொல்லும். அதைப் பார்த்து மாமா என் வேலையை வேண்டாம் என்கிறார்.

நம் குடும்பத்து வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. மவுத்துச் செய்தி கேட்டால் அடக்கத்துக்கு முன் வந்து முகம் பார்க்கிற தூரத்தைத் தாண்டிப் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். முதலில் போளூர், ஆரணி என்றார்கள். பஸ் ஜாஸ்தியானதும் வேலூர். விமானம் வந்ததும் துபாய். தூரத்தை நீட்டுகிறார்களே தவிர கயிற்றை அவிழ்ப்பதில்லை. அமான் அண்ணன் அமெரிக்காவுக்கு மனுப் போட்டபோது தன் மகன் என்பதால் மாமா தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார். அப்போது இந்தக் கணக்கு எங்கே போயிற்று? அங்கே கிடைக்காமல்தானே அவர் துபாய் போனார்?

சரி, கணக்கே பேசுவோம். வருகிற சித்திரையோடு அத்தா மவுத்தாகி ஆறு வருடம். துபாயில் இருந்த அமான் அண்ணன் வந்து அத்தா முகத்தைப் பார்த்தார். சென்னையில் இருந்த பெற்ற மகள் நான் பார்க்கவில்லை. ஏன்? அவருக்கு ராத்திரியே ஃபோன் போயிற்று. "பொட்டப் புள்ள, ராத்திரில ஒண்டியா வரக்கூடாது" என்று எனக்கு விடிந்த பிறகு சொன்னீர்கள். அதுவும் "அத்தாவுக்கு முடியல" என்று மட்டும். அன்றைக்கு சித்ரா பௌர்ணமி. கீழ்பென்னாத்தூர் தாண்டியதுமே பஸ் நகரவில்லை. செஞ்சி ரோட்டில், ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்குள் அழுதுகொண்டே ஓடினேன். வீட்டுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மாமா ஜும்ஆ தொழுகையோடு அடக்கத்தை முடித்துவிட்டார். நீங்கள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, நேற்றும் பேசவில்லை.

வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன். பிப்ரவரி கடைசியில் கிளம்புகிறேன். உங்கள் துஆ எனக்கு வேண்டும். மாமாவின் அனுமதி வேண்டாம்.

நூரைன்


திருவண்ணாமலை
27 ஜனவரி 2025

நூரைனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை இன்னும் ஜாஸ்தியாக வந்தது. கடையில் வேலை ஓடவில்லை. ஒரு பாவாடைக்கு இரண்டு பக்கமும் ஜிப் வைத்துவிட்டேன். ஜோதியம்மாள் பிரித்துக்கொண்டே "யாருக்கா லெட்டர் போட்டது, கடன்காரனா?" என்கிறாள். ஆமாம், வயிற்றில் பிறந்த கடன்காரி என்றேன்.

மாமா மாமா என்று இவ்வளவு பேசுகிறாயே. பெண்ணுக்கு எதற்குப் பால் படிப்பு, மாட்டாஸ்பத்திரியிலா உட்காரப் போகிறாள் என்று ஊரே கேட்டபோது, காலேஜில் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அத்தா இல்லாத வீட்டுக்கு மாடியைக் கொடுத்தது யார்? அதையும் எழுது. எழுதத்தான் தெரிகிறதே உனக்கு.

நான் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை பேசவில்லை, அது வாஸ்தவம். நீ கத்தின கத்தலில் எனக்கு வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால் அத்தா மவுத்தான அன்றைக்குப் பேசவில்லை என்று யார் சொன்னது உனக்கு? நீயாக நினைத்துக்கொண்டாயா?

கேள். அத்தாவைத் தூக்க ஆள் வந்தபோது நான் உள்ளறையிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னேன். "எம் பொண்ணு பஸ்ல வந்துட்டிருக்கா. அசர் தொழுகை வரைக்கும் நில்லுங்க. அவ வந்து பார்த்துடட்டும்." சும்மா முணுமுணுக்கவில்லை. தெருவுக்குக் கேட்டிருக்கும். மாமா கதவுக்கிட்ட வந்து, "மையத்தை அடக்காமக் காக்க வைக்கக் கூடாது ரஹமத். ஜும்ஆவுக்கு ஊரே வந்துடுச்சு. பௌர்ணமிக் கூட்டத்துல அவ எப்ப வந்து சேருவான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். மாமி வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நீ வந்தபோது எனக்குத் தொண்டையே இல்லை. அதைத்தான் நான் பேசவில்லை என்று நீ ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது.

அதனால்தான் போகாதே என்கிறேன். மாமா கணக்குக்காக இல்லை. அத்தா முகத்தைப் பார்க்காமல் நீ இந்த ஆறு வருடம் எப்படி இருக்கிறாய் என்று நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்? பௌர்ணமி என்றால் ஊருக்கே வர மாட்டேன் என்கிறாய். செஞ்சி ரோடு வந்தால் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்கிறாய். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகி, அந்த முகத்தையும் பார்க்காமல் போனால் நீ என்ன ஆவாய்? எனக்கு மவுத்துப் பயம் கிடையாது. உனக்காகத்தான் பயம்.

துபாயில் ஒரு பையன் இருக்கிறான், அமானுக்குத் தெரிந்தவன். மாமா சொன்னார். நல்ல குடும்பம். போட்டோ அனுப்பச் சொல்லட்டுமா?

அம்மா


சென்னை
5 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் சத்தம் போட்டீர்கள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே, ஏன்? மாமி சொல்லியிருக்கலாம். நீங்களாவது சொல்லியிருக்கலாம். ஆறு வருடமாக உங்கள் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு, அதை உங்களுக்குக் காட்டாமல் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது. இப்போது உங்கள் மடியில் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியதையே திருப்பிப் பாருங்கள். பெற்றவள் கெஞ்சிக் கேட்டும் அசர் வரைக்கும் நிற்காதவர்களுக்காக, நான் ஆயுசு முழுக்க நாலு மணி நேரத் தூரத்திலேயே நிற்க வேண்டுமா? நான் பக்கத்தில்தானே இருந்தேன் அம்மா? ஊர் எல்லையில் இருந்தேன். பார்க்க விட்டார்களா?

துபாய்ப் பையனின் போட்டோ வேண்டாம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். விமான நேரம் பார்த்துப் புருஷன் தேட என்னால் முடியாது.

டிக்கெட் போட்டாயிற்று. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். மாமாவிடம் நானே நேரில் சொல்கிறேன். ஓடிப்போகிறவள் மாதிரி போக மாட்டேன்.

நூரைன்


திருவண்ணாமலை
18 பிப்ரவரி 2025

நூரைனுக்கு,

சோறு போட்டு வைத்திருந்தேன். உட்காராமல் போய்விட்டாய்.

மாமா சொன்னது தப்பு. "இந்தப் படியை இறங்கினா இறங்கினதுதான்" என்று பெற்ற மகனிடம்கூட அவர் சொன்னதில்லை. நீ சொன்னதும் தப்பு. "என் மையத்தையும் நீங்க பார்க்க வேணாம், வர்ற கஷ்டம் உங்களுக்கு மிச்சம்" என்று பெரிய மனுஷனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? உனக்கு என்ன வயசு, மவுத்தைப் பற்றிப் பேச? மாமி காதைப் பொத்திக்கொண்டாள்.

குளிருக்கு உள்ளே போட நாலு குர்தா தைத்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன். கூப்பிடாதே. நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு ஒண்டியாக பஸ் ஏறி வர என்னால் ஆகாது.

போகாதே என்று இனிமேல் சொல்ல மாட்டேன். போ என்றும் என் வாயால் வராது. துஆ செய்கிறேன். அது கேட்காமலே வந்துவிடுகிறது.

அம்மா


ஹாமில்டன், நியூசிலாந்து
9 மார்ச் 2025

அம்மாவுக்கு,

தபாலில் போட்டால் எப்போது வருமோ தெரியாது. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து ஜோதி அக்காவின் ஃபோனுக்கு அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஜோதி அக்காவுக்கு சலாம். படிக்காமல் நீட்டச் சொல்லுங்கள், படித்தாலும் பரவாயில்லை.

வந்து சேர்ந்துவிட்டேன். மாமாவிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். பதினாலு மணி நேரமாம்! சென்னையிலிருந்து இங்கே நேராக விமானமே கிடையாது. சிங்கப்பூரில் இறங்கி, விமானம் மாற நாற்காலியில் கோணலாகத் தூங்கிக் காத்திருந்து, அப்புறம் அதைவிடப் பெரிய விமானம். ஆக்லாந்தில் பெட்டியைப் பிரித்து நீங்கள் குர்தாவோடு பார்சலில் வைத்திருந்த ஊறுகாயை மோந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் ஹாமில்டனுக்கு பஸ். ஹாஸ்டலிலிருந்து கிளம்பி இங்கே கதவைத் திறக்கும்போது ஒரு முழு நாள் தாண்டி, இன்னொரு நாளும் பாதி கழிந்துவிட்டது. மாமா பயந்ததைவிட இது தூரம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் வந்துவிட்டேன், அம்மா. கேட்டீர்களா? யாரும் கையைப் பிடித்துக் கூட்டிவரவில்லை. கூடத்தில் முதல் நாளே பத்துப் பண்ணைகளின் பாலைச் சோதித்தேன். மாடுகள் ராத்திரியிலும் வெளியே மேய்கின்றன. நம் ஊர்ப் பாலைவிட மஞ்சளாக இருக்கிறது. டீ போட்டால் நம் டீ மாதிரி இல்லை.

நோன்பு பிடிக்கிறேன். இங்கே நோன்பு திறக்கிற மஃரிப் எட்டு மணிக்கு. கூட வேலை செய்கிற ஃபிஜிக்காரப் பெண் ஒருத்தி பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். நோன்புக் கஞ்சி வைத்துப் பார்த்தேன். அடி பிடித்துவிட்டது. அதையே குடித்தேன், அழுதேன், பாத்திரம் கழுவினேன்.

ஒன்றை மட்டும் நேராக எழுதிவிடுகிறேன். உங்களுக்கு ஏதாவது என்றால் அடக்கத்துக்குள் என்னால் வந்து சேர முடியாது. எல்லா வழியையும் தேடிப் பார்த்துவிட்டேன். இது தெரிந்துதான் வந்தேன். இதற்காக என்னைத் திட்டுங்கள், ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நூரைன்


திருவண்ணாமலை
22 ஜூன் 2025

நூரைனுக்கு,

மூன்று மாதம் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். யூனிபார்ம் தைத்துத் தைத்துக் கழுத்து திரும்பவில்லை. அது பாதிக் காரணம். என்ன எழுதுவது என்று தெரியாதது மீதி.

மாமா என்னோடு பேசுவதில்லை. "மேல தண்ணி வருதான்னு கேளு" என்று மாமியிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். "வருதுன்னு சொல்லுங்க" என்று நானும் மாமியிடம் சொல்வேன். பாவம் அவள்.

போன வாரம் ஜோதியம்மாளின் மாமியார் தங்கம்மாள் இறந்துபோனாள். அடி அண்ணாமலைக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர்கள் ஆட்களில் காத்திருப்பார்கள், தெரியுமே. கனடாவிலிருந்து சின்ன மகன் பாலாஜி வர வேண்டும் என்று ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மோட்டார் ஓடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. வந்தான். பெட்டி மேல் விழுந்து அழுதான். காரியம் முடிந்த மறுநாளே வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். ஊரெல்லாம் "எத்தினி தூரத்துலேர்ந்து வந்து மூஞ்சியைப் பாத்துட்டான், புண்ணியவான்" என்றது.

ஜோதியம்மாள் கடையில் வந்து உட்கார்ந்து, "ஏழு வருஷமா வரலக்கா அவன். எப்ப வருவான் எப்ப வருவான்னு கெழவி வாசலையே பாத்துனு கெடந்துச்சு" என்று வெடித்து அழுதாள். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான் நூரைன். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லையே. நம் ஆட்களும் சரி, அவர்களும் சரி, அந்தப் பக்கத்துக் கணக்கை யாருமே போடுவதில்லை.

நீ எப்போது வருவாய்?

அம்மா


ஹாமில்டன்
24 ஜூன் 2025

அம்மாவுக்கு,

படித்ததும் நேராகப் போய் லீவு கேட்டேன். முதல் வருடம் முடியாமல் நீண்ட லீவு கிடையாதாம். கெஞ்சவும் செய்தேன், அது என் குணமில்லை என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த மார்ச் வரை ஆகாது. வருகிறேன் வருகிறேன் என்று உங்களை வாசல் பார்க்க வைக்க மாட்டேன். முடியாது என்றால் முடியாது என்றுதான் எழுதுவேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே பயங்கரக் குளிர். நாலு குர்தாவையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நூரைன்


திருவண்ணாமலை
16 செப்டம்பர் 2025

நூரைனுக்கு,

ஏழு மாதம் கழித்து நேற்று மாமா என்னோடு பேசினார். பேச வைத்தது போலீஸ்.

பயந்துவிடாதே. நான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் நீயும் சேர்ந்து ஏமாற வேண்டாம் என்று நினைத்தேன். ஜோதியம்மாள்தான் கூட வந்தாள். என் கைரேகை மெஷினில் விழவேயில்லை. ஊசி பிடித்துத் தேய்ந்த விரல், அழுத்தி அழுத்தி எடுத்தார்கள். நேற்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். கதவைத் திறந்தது மாமா. நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

"ரஹமத்துன்றவங்க இங்கதான் இருக்காங்களா?"

"ஆமா, எந்தங்கச்சி. ஏன், என்ன தப்பு பண்ணிச்சு?"

"தப்பு ஒண்ணும் இல்ல பாய். வெளிநாட்டுக்குப் போறாங்கல்ல, பாஸ்போர்ட் விசாரணை."

மாமாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும். "நல்ல பொம்பள சார், ஒரு வம்புக்கும் போகாது" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. போலீஸ்காரர் போனதும் முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றார்.

"எங்க போறே?"

"எம் மக கிட்ட."

"ஒண்டியாவா?"

"அவ ஒண்டியாத்தானே போனா?"

"அவ படிச்சவ. உனக்கு இங்கிலீஸ்ல தண்ணி கேக்கத் தெரியுமா? ப்ளேன் மாறணும், அத்தினி பெரிய ஏர்போர்ட்டு..."

"வாட்டர்னு கேப்பேன். மீதிய எழுதி கழுத்துல மாட்டிக்குவேன். அன்னிக்கு என் பேச்சை நீங்க கேக்கலன்னு நானும் சும்மா உக்காந்துனே இருக்கணுமா? நான் ஒங்க கிட்ட உத்தரவு கேக்கல, தகவல் சொல்றேன்."

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் கேட்டார். "உனக்கு சுகர் இருக்குது. அத்தினி தூரத்துல ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆனா ஆவட்டும். அங்கியும் மண்ணு இருக்குது. அங்கியே அடக்கம் பண்ணிடட்டும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. குரலே மாறிவிட்டது. சின்ன வயதில் நான் விளையாட வரவில்லை என்றால் கேட்பார், அந்தக் குரல்.

"அப்ப நாங்க உம் முகத்தைப் பார்க்க வேணாமா ரஹமத்?"

ஆனால் விடவில்லை நான். முக்காட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வெளிச்சத்துக்கு வந்து நின்றேன்.

"இப்ப பாருங்கண்ணே. ஏழு மாசமா உங்க தலைக்கு மேலதான் இருக்கேன். வந்து பாத்தீங்களா? இதோ நிக்கிறேன், நல்லாப் பாத்துக்குங்க."

பார்த்தார், நூரைன். நிலையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ரொம்ப இளைச்சுட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து, "ரஹமத், டீ போட்டிருக்குது, வா" என்றார். மாமியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

கார்த்திகைத் தீபம் முடிந்து ஊரில் கூட்டம் கலைந்ததும் டிக்கெட் போடு. பஸ்ஸில் மாட்டிக்கொண்டு, ப்ளேனை விட்டுவிட்டு, உன்னைப் பார்க்காமல் திரும்ப நான் தயாராக இல்லை.

அம்மா